காப்பி அடித்த கம்ப்யூட்டர்!

குட்டீஸ், பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்துக் காப்பி அடித்தால் என்ன கிடைக்கும்? முட்டைதான்! முப்பது வருடத்துக்கு மேல் வாத்தியாராக இருந்த நான், எத்தனையோ பேருக்கு முட்டை போட்டிருக்கிறேன். இன்று உங்களுக்கு, ஒரு கம்ப்யூட்டரையே காப்பி அடித்தவர்களின் கதையைச் சொல்லப் போகிறேன். மார்க் போடுவது உங்கள் வேலை!

அதற்கு முன் எங்கள் ஊர் ஆரணிக்கு ஒரு நடை வாருங்கள். பட்டுச் சேலைக்குப் பேர் போன ஊர். சேலைக் கரையில் மயிலும் மாங்காயும் எப்படி வருகின்றன தெரியுமா? தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் துளை போட்ட அட்டைகளை மாலை மாதிரி கோத்து மாட்டியிருப்பார்கள். துளை இருக்கும் இடத்தில் பாவு நூல் மேலே எழும்பும். இல்லாத இடத்தில் எழும்பாது. அவ்வளவுதான் சூட்சுமம்! 1804-இல் பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு இதை உருவாக்கினார். பிற்காலத்தில் கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுக்கவும் துளை அட்டைகள்தான் பயன்பட்டன.

என்னிடம் படித்த ஒரு பையனின் அப்பா நெசவாளி. கல்யாண வீட்டில் பார்த்த ஒரு சேலைக் கரை அவருக்குப் பிடித்துப் போய்விட்டது. அதன் அட்டை எங்கும் கிடைக்கவில்லை. என்ன செய்தார்? அந்தச் சேலையை இரவல் வாங்கி, லென்ஸ் வைத்து இழை இழையாக எண்ணி, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தார். அதற்கே பல நாள் ஆயிற்று. எண்ணி முடித்தபோது, முதலில் நெய்தவர் ஓர் இடத்தில் இழை தவறவிட்டதையும் கண்டுபிடித்துவிட்டார்!

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். 1982-இல் கேம்பிரிட்ஜ் நகரின் சின்க்ளேர் கம்பெனி ‘இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம்’ என்ற வீட்டுக் கம்ப்யூட்டரை விற்கத் தொடங்கியது. ரப்பர் பொத்தான்கள், நினைவகம் அதிகபட்சம் 48 கிலோபைட். உங்கள் அப்பாவின் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே அது போதாது! திரை கிடையாது, வீட்டு டி.வி.யில் இணைக்க வேண்டும். விளையாட்டுகள் பாட்டு கேட்கும் கேசட்டில் வரும். டேப் ரிக்கார்டரைப் போட்டால் ‘கீ... கிர்ர்ர்...’ என்று காது கிழியும். சில நிமிடம் பொறுமையாக இருக்க வேண்டும். நடுவில் டேப் கரகரத்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து!

சோவியத் ரஷ்யா அப்போது தனி நாடாக இல்லை. சோவியத் யூனியனில் ஒரு பகுதி. கம்ப்யூட்டர் தொழில்நுட்பத்தை அங்கே விற்க மேற்கத்திய நாடுகள் கட்டுப்பாடு வைத்திருந்தன. ஸ்பெக்ட்ரமைப் பார்த்துச் செய்யலாம் என்றால் ஒரு சிக்கல். படம் காட்டுவது, பொத்தானைக் கவனிப்பது, டேப்பைப் படிப்பது எல்லாவற்றையும் அதில் ஒரே ஒரு சிப் பார்த்துக்கொண்டது. சின்க்ளேருக்காகவே செய்யப்பட்ட சிப் அது. கடையில் கிடைக்காது.

லெனின்கிராட் நகரத்தில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) செர்கேய் சோனோவ் என்ற பொறியாளர் இருந்தார். அந்தச் சிப் என்னென்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டு, அதே வேலைகளைச் சாதாரணச் சின்னச் சின்னச் சிப்புகள் சில டஜனைச் சேர்த்துச் செய்ய வைத்தார். 1980-களின் இறுதியில் வந்த அந்தக் கம்ப்யூட்டருக்கு ‘லெனின்கிராட்’ என்றே பெயர். அதன் பலகைகள் ரேடியோ சாமான் விற்கும் சந்தைகளில் கிடைத்தன. பலர் வாங்கிப் போய், வீட்டில் ஈயம் பற்றவைத்துத் தாங்களே கம்ப்யூட்டர் செய்துகொண்டார்கள். இதற்கு நான் நூற்றுக்கு நூறு போடுவேன்!

ஆனால் பொறுங்கள். கம்ப்யூட்டர் உள்ளே 16 கிலோபைட் அளவில் நிரந்தரமாக எழுதி வைத்த புரோகிராம் ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகள் ஓடாது. அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். விளையாட்டுக் கேசட்டுகளும் அப்படித்தான் கைமாறின. எழுதியவர்களுக்கு ஒரு காசும் போகவில்லை. இதற்கு எத்தனை மார்க்? எனக்குப் பேனா தயங்குகிறது.

நம் நாடு என்ன செய்தது? அதே கேம்பிரிட்ஜில் சின்க்ளேருக்குப் போட்டியாக இருந்த ஏகார்ன் கம்பெனியின் ‘பி.பி.சி. மைக்ரோ’வைத் தேர்ந்தெடுத்தது. 1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில், முதலில் சுமார் 250 பள்ளிகளுக்கு இந்தக் கம்ப்யூட்டர்கள் போயின. சண்டிகர் பக்கத்தில் மொகாலியில் உள்ள அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ், முறைப்படி ஒப்பந்தம் போட்டு, இதை ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இங்கேயே தயாரித்தது. அட்டையைக் காசு கொடுத்து வாங்கி நெய்த மாதிரி! நேர்மையான வழிதான். ஆனால் சிப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று நாமே இழை எண்ணிப் பார்க்கும் வேலை அதில் குறைவு.

1989 பிப்ரவரியில் மொகாலியின் சிப் ஆலை தீயில் எரிந்து போனது. பல ஆண்டுகள் உற்பத்தி முடங்கிக் கிடந்தது. பிறகு மெல்ல மெல்ல மீண்டது. இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ராக்கெட்டுகளுக்காக வடிவமைத்து, 2025-இல் வெளிவந்த ‘விக்ரம்’ 32 பிட் சிப், யூனிகார்ன் செய்த அதே மொகாலியில் தயாரானதுதான்.