இலை சிவக்கும் பருவமும் கூடிக் காணும் மரபும்

குளிர்காலத்திற்கு முன் மரங்கள் நிறம் மாறுவதைக் காண்பதற்கென்றே நண்பர்களும் உறவினரும் குழுவாக மலைப்பகுதிகளுக்குச் செல்லும் வழக்கம் ஜப்பானில் பல நூற்றாண்டுகளாக நிலைபெற்றுள்ளது. மொமிஜிகாரி எனப்படும் இந்த உலா, தொடக்கத்தில் அரசவையினரும் உயர்குடியினரும் கவிதை இயற்றி மகிழ்ந்த பொழுதுபோக்காக இருந்து, காலப்போக்கில் எல்லா நிலை மக்களிடமும் பரவியது. கியோட்டோ நகரையொட்டிய தகாவோ பகுதியில், கியோதகி ஆற்றங்கரையின் மேப்பிள் மரங்களுக்கிடையே ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் கூடியிருந்து உண்டும் ஆடியும் களிப்பதை, 16ஆம் நூற்றாண்டு ஓவியரான கானோ ஹிதெயோரி மடிப்புத் திரையொன்றில் தீட்டியுள்ளார். இன்று தேசியச் செல்வமாகப் போற்றப்படும் அத்திரை டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

இந்த அழகுக்கு அடிப்படை மரத்தின் சிக்கனமே ஆகும். பகற்பொழுது குறுகிக் குளிர் கூடும்போது, இலையில் உணவு தயாரிக்க உதவும் பச்சையம் என்னும் நிறமி சிதைகிறது. தழைச்சத்து முதலிய ஊட்டங்களை மரம் இலையிலிருந்து மீட்டுக் கிளைகளிலும் தண்டிலும் சேமிக்கிறது. அதுவரை பச்சையத்தால் மறைக்கப்பட்டிருந்த கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமிகள் அப்போது வெளித்தெரிவதாலேயே கிங்கோ மரம் பொன்னிறம் பெறுகிறது. மேப்பிளின் சிவப்போ முன்பே இலையில் இருந்ததன்று. இலைக்காம்பின் அடியில் உருவாகும் உதிர் அடுக்கு, அதாவது இலை கழன்று விழுவதற்கு வழிசெய்யும் உயிரணுப் படலம், சர்க்கரை வெளியேறுவதைத் தடுக்க, தேங்கிய சர்க்கரையைக் கொண்டு வெயிலின் துணையுடன் ஆந்தோசயனின் என்னும் செந்நிறமி புதிதாக உருவாகிறது. தெளிந்த வெயிலும், உறைபனி விழாத குளிர்ந்த இரவும் தொடர்ந்து அமையும் ஆண்டுகளில் சிவப்பு மிகுந்து ஒளிர்வதற்குக் காரணம் இதுவே.

ஒரே மரத்தில் வெயில்படும் மேற்கிளை சிவந்திருக்க, நிழலிலுள்ள உட்கிளை மஞ்சளாகவோ பச்சையாகவோ நிற்பதும் இதனால்தான். ஒருவர் கண்ணுக்குத் தப்பும் இத்தகைய வேறுபாடுகளைப் பலர் சேர்ந்து செல்லும்போது ஒருவருக்கொருவர் சுட்டிக்காட்ட முடிவதால், துணையோடு காண்பது மகிழ்ச்சியை மட்டுமன்றி அறிவையும் பெருக்குகிறது.

ஹொக்கைடோவின் தைசெட்சு மலைத்தொடரில் செப்டம்பரில் தொடங்கும் இந்நிறமாற்றம், தெற்கு நோக்கியும் மலையுச்சியிலிருந்து சமவெளி நோக்கியும் இறங்கி, நவம்பர் பிற்பகுதியில் கியோட்டோவை அடைகிறது. அங்கே தோஃபுகுஜி கோயிலின் மரப்பாலத்தில் நிற்பவர்கள், பள்ளத்தாக்கை நிறைத்திருக்கும் மேப்பிள் மரங்களின் உச்சிகளை மேலிருந்தே காணலாம். ஒசாகாவுக்கு அருகிலுள்ள மினோவில், உப்பிலிட்டுப் பதப்படுத்திய மேப்பிள் இலைகளை இனிப்பு மாவில் தோய்த்துப் பொரித்து விற்பது புகழ்பெற்ற வழக்கமாகும்.

எனினும், மேப்பிள் சிவக்கும் நாள் 1953 முதல் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 நாள் வீதம் பிந்தி வருவதை ஜப்பான் வானிலை முகமையின் பதிவுகள் காட்டுகின்றன; இலையுதிர்காலம் வெப்பமடைவதே இதற்கு முதன்மைக் காரணம். மக்கள் தம் நாள்காட்டியை மரங்களோடு பொருத்திக்கொண்டதால் வளர்ந்த மரபு இது. அம்மரங்களின் நாள்காட்டியையே மனிதச் செயல் மாற்றிவரும் இக்காலத்தில், இலைகளைக் கூடி ரசிப்போருக்கு அவற்றைத் தாங்கும் பருவநிலையைக் கூடிக் காக்கும் கடமையும் உண்டு.