இடது கை சீக்கிரம் சோர்ந்துபோகுதா? தினமும் 10 நிமிஷம் இதை அடிங்க!

ஆனைமலை மாசாணியம்மன் கோயில் குண்டம் நோம்பியில் மேளச் சத்தம் கேட்டாலே, நமக்கும் ஸ்டிக் பிடிக்கத் தோணும். ஆனால், கொஞ்ச நேரம் அடித்ததுமே இடது கை சோர்ந்து, தாளம் தள்ளாடுதா? பாட்டை மட்டுமே அடித்துப் பழகினால் அப்படித்தான். கஷ்டமான இடத்தையெல்லாம் வலது கையே பார்த்துக்கொள்ளும்.

இதற்கு மருந்து, ரூடிமென்ட்ஸ். மிருதங்கத்தில் 'தா தி தொம் நம்' என்று தொடங்குவார்களே, அதுபோல டிரம்ஸுக்கான அரிச்சுவடி. சர்வதேசப் பட்டியலில் 40 உண்டு. இப்போதைக்கு உங்களுக்கு மூணு போதும்.

சிங்கிள்: வலது, இடது என மாறி மாறி.

டபுள்: வலதில் இரண்டு, இடதில் இரண்டு.

பாராடிடில்: வலது-இடது-வலது-வலது, இடது-வலது-இடது-இடது. ஒவ்வொரு சுற்றையும் வேறு கை தொடங்குவதால், இடது கையும் தலைமை தாங்கப் பழகும்.

பிராக்டிஸ் பேட் இல்லையா? மேஜைமேல் தடித்த ரப்பர் ஷீட் போதும். தலையணையில் ஸ்டிக் துள்ளாது, டபுள் வராது. மெட்ரோநோம் ஆப்பில் 60 வைத்து அடித்து, மொபைலில் ரெக்கார்ட் பண்ணுங்க. கண்ணை மூடிக் கேட்கும்போது எது எந்தக் கை என்று தெரியாவிட்டால் மட்டும் வேகத்தில் 5 கூட்டுங்க. மணிக்கட்டு வலித்தால், உடனே நிறுத்திடுங்க. வேகம் மெதுவாகத்தான் வரும், வந்தால் போகாது!