கையில்லாத ராஜகுமாரி மதுரைக்கு வந்த கதை

கல்யாணத்தை நாம் எப்படிச் சொல்கிறோம்? ‘கைப்பிடித்தல்’ என்கிறோம். சந்தேகம் இருந்தால் மீனாட்சியம்மன் கோயில் கம்பத்தடி மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். வெட்கத்தோடு நிற்கும் மீனாட்சியின் கையை மாப்பிள்ளை சொக்கநாதர் பிடித்திருக்க, அண்ணன் பெருமாள் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றித் தாரை வார்க்கிறார். மதுரைக்காரனுக்குக் கல்யாணம் என்றால் அந்தச் சிலைதான். வீட்டுப் பத்திரிகை வரைக்கும் அதே படம்தான் அச்சாகும்.

சரி, கையே இல்லாத பெண்ணாக இருந்தால்? அவளை எப்படிக் ‘கைப்பிடிப்பது’?

இது ஏதோ விடுகதை இல்லை. இந்த ஊர் நாடகக் கொட்டகைகளில் ராத்திரி முழுக்க ஜனங்களை அழவைத்த ஞானசௌந்தரி கதை இது. கிறிஸ்தவ ராஜகுமாரி. அம்மா இல்லை. சித்தி லேனாள் என்று ஒருத்தி வாய்த்தாள். அப்பா ராஜா ஊரில் இல்லாத நேரம் பார்த்து, பெண்ணைக் காட்டுக்கு அனுப்பிக் கொன்றுவிட்டு வரச் சொல்கிறாள். போன ஆட்கள் உயிரை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் வெட்டிவிடுகிறார்கள். காட்டில் கிடந்தவளை வேட்டைக்கு வந்த இளவரசன் பிலேந்திரன் பார்க்கிறான், இரக்கப்படுகிறான், மணக்கிறான். அப்புறம் அவன் யுத்தத்துக்குப் போகிறான். இங்கே பிள்ளைப்பேறு. புருஷனுக்கும் வீட்டுக்கும் நடுவே போகிற கடிதம் மாற்றி எழுதப்படுகிறது. மறுபடி காடு. கையில்லாதவளிடம் கைக்குழந்தை! தமிழில் இதைவிடக் கொடுமையாக ஒரு வாக்கியம் அமையாது. கடைசியில் தேவமாதா தோன்றிக் கைகளைத் திருப்பித் தருகிறாள். புருஷன் தேடி வருகிறான். சுபம்.

‘இதை எங்கேயோ படித்திருக்கிறேனே’ என்று கான்வென்ட்டில் படித்த வாசகியர் யாராவது நெற்றியைத் தடவுவது தெரிகிறது. ஆமாம் மேடம், கிரிம் சகோதரர்கள் 1812ல் ஜெர்மனியில் அச்சிட்ட தேவதைக் கதைப் புத்தகத்தில் இருக்கிற ‘கையில்லாத பெண்’ இவளேதான். அங்கே அப்பன் ஒரு மாவு மில்காரன். சாத்தானிடம் வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டு, தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ள மகளின் கைகளைத் தானே வெட்டுகிறான். அவளை மணக்கிற ராஜா வெள்ளியில் கைகள் செய்து மாட்டிவிடுகிறான். கடிதத்தை மாற்றுகிற வேலையைச் சாத்தானே நேரில் பார்த்துக்கொள்கிறான். காட்டில் ஏழு வருஷம், பிறகு தெய்வ பக்தியால் கை முளைக்கிறது.

ஆனால் கிரிம்முக்கும் இது பழைய சரக்கு. பதிமூன்றாம் நூற்றாண்டிலேயே ஃபிலிப் த ரெமி என்ற பிரெஞ்சுக்காரர் ‘லா மானெகின்’ என்று எட்டாயிரம் வரிக்கு மேல் பாட்டாகவே எழுதிவிட்டார். ஹங்கேரி ராஜா, செத்துப்போன ராணியைப் போலவே இருக்கிற பெண்ணைத்தான் கட்டுவேன் என்று சத்தியம் செய்தவர். தேடிப் பார்த்தால் அந்தச் சாயல் சொந்த மகளுக்குத்தான் இருக்கிறது! அங்கம் குறைந்தவள் ராணியாக முடியாதே என்று, மகள் தன் இடது கையைத் தானே வெட்டி ஆற்றில் எறிகிறாள். படகில் ஏற்றி விடுகிறார்கள். ஸ்காட்லாந்தில் கரை ஒதுங்குகிறாள். அந்த ஊர் ராஜா மணக்கிறான். மாமியார் கடிதத்தை மாற்றுகிறாள். கடைசியில் ரோமாபுரியில், வெட்டிய கை ஒரு மீன் வயிற்றிலிருந்து வாடாமல் கிடைக்கிறது. போப்பாண்டவர் ஜெபம் செய்ய, ஒட்டிக்கொள்கிறது. அடுத்த நூற்றாண்டில் பாரிஸில் இதே ஹங்கேரிப் பெண்ணைத் தேவமாதாவின் அற்புத நாடகமாக மேடையில் ஏற்றினார்கள். ஆயிரத்தொரு இரவுகளில்கூட, பிச்சை போட்ட குற்றத்துக்காகக் கை வெட்டப்பட்ட ஒருத்தி உண்டு. ஊருக்கு ஊர் சாமி மாறுகிறது. கை போவதும் வருவதும் மாறவில்லை.

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் பற்று அந்தப் பக்கம் வரவு என்று எழுதிப் பார்க்கிற வியாதி போகவில்லை. அப்படி எழுதினால் ஒரு விஷயம் உறுத்துகிறது. பிரான்ஸில் குற்றம் அப்பன் கணக்கில் இருக்கிறது. ஜெர்மனியிலும் அப்பன்தான், சாத்தான் கூட்டாளி. தமிழ்நாட்டுக்கு வந்ததும் அப்பன் கணக்கு நேராகிவிட்டது! மனுஷர் பாவம், ஒன்றும் தெரியாதவர், ஏமாந்தவர். மொத்தப் பற்றும் சித்தி பேரில். நல்லதங்காளைக் கிணற்றுக்குத் துரத்தியதும் அண்ணன் இல்லை, அண்ணி மூளியலங்காரி. நம் கொட்டகைகளில் வில்லி கிடைத்தால் வில்லன் தேவைப்படுவதில்லை. பெற்ற அப்பனைப் பற்றி அப்படியொரு கதையை விடிய விடிய ஊர் நடுவில் நடத்த முடியாது என்பது காரணமாக இருக்கலாம். எனக்கென்னவோ இந்தக் கணக்கு மாற்றத்தில் சம்மதமில்லை.

வரவுப் பக்கத்திலும் ஒன்று சொல்லவேண்டும். உடம்பில் ஓர் அங்கம் தெய்வச் செயலால் போவதும் வருவதும் மதுரைக்காரனுக்கு அதிர்ச்சி தருகிற செய்தி இல்லை. தடாதகை மூன்று தனங்களோடு பிறந்து, கணவனைக் கண்டதும் ஒன்று மறைந்த கதையில்தான் இந்த ஊரே நிற்கிறது. கண்ணப்பருக்குக் கண் திரும்பியது. கை விஷயத்தில் நமக்கு ஒரு ராஜாவே உண்டு. பொற்கைப் பாண்டியன்! தல யாத்திரை போன கீரந்தை, ‘ராஜாவின் காவல் இருக்கிறது’ என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போக, அதைக் கேட்ட பாண்டியன் தினமும் இருட்டில் அந்த வீட்டைக் காவல் காக்கிறான். ஒரு நாள் உள்ளே ஆண் குரல். கதவைத் தட்டிவிட்டான். வந்திருந்தது புருஷன்! தட்டிய கையைத் தானே வெட்டிக்கொண்டு, பொன்னால் கை வைத்துக்கொண்டான். சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதை இது.

பாருங்கள், ராஜாவுக்குப் பொன் கை. கிரிம் கதைப் பெண்ணுக்கும் முதலில் வெள்ளிக் கை கிடைத்தது. பொன்னிலும் வெள்ளியிலும் செய்த கையால் பிள்ளையைத் தூக்க முடியுமா? ஞானசௌந்தரி கேட்டது சதையும் ரத்தமுமான சொந்தக் கை. தட்டான் பட்டறையில் அது கிடைக்காது. அதனால்தான் கதைக்குள் மாதா வந்தாகவேண்டியிருக்கிறது.

இங்கே மாதா புதியவளும் இல்லை. ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் 1606லேயே மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, சைவ உணவு சாப்பிட்டு, தமிழ் பேசி மதம் பரப்பியவர். அடுத்த நூற்றாண்டில் அதே மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர், சூசையப்பரைத் தலைவனாக்கித் தேம்பாவணி என்று 3,615 பாட்டில் காவியமே எழுதினார். அயல்நாட்டுக் கதைக்கு வேட்டி சேலை கட்டிவிடுகிற வேலை நூற்றாண்டுகளாக நடந்துகொண்டுதான் இருந்தது.

ஆனால் ஞானசௌந்தரியைக் கோயில் காம்பவுண்டுக்கு வெளியே கூட்டி வந்தவர்களில் முக்கியமானவர் பாதிரியார் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள்! தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867ல் பிறந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி எல்லாம் எழுதிய அதே கையால் ஞானசௌந்தரி சரித்திரத்தையும் எழுதினார். 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் பிள்ளைகளாகச் சேர்ந்த சபை அது. முருகனைப் பாடியவர் மாதாவையும் பாடினார். யாரும் கொடி பிடித்து ஊர்வலம் போனதாகத் தெரியவில்லை. இன்றைக்கு என்றால் இரண்டு பக்கமும் ஆள் வந்திருக்கும்.

சபைகள் கலைந்த பிறகும் ஸ்பெஷல் நாடகம் என்ற பெயரில் சுவாமிகளின் நாடகங்கள் சுற்றுக் கிராமங்களில் தொடர்கின்றன. 1923ல் தொடங்கிய நாடக நடிகர் சங்கம் மதுரையில்தான் இருக்கிறது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக ‘புக்’ செய்வார்கள். ஒத்திகை கிடையாது. சில சமயம் மேடையில்தான் புருஷன் பெண்சாதிக்கு அறிமுகமே! இருந்தும் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை பாட்டும் தர்க்கமும் பிசகாமல் போகும்.

அப்புறம் வந்தது சினிமா. 1948ல் சிட்டாடல் ஜோசப் தளியத் எடுத்த ‘ஞானசௌந்தரி’. எம்.வி.ராஜம்மா கதாநாயகி. பிலேந்திரனாக வந்தவர் நம்ம சோழவந்தான் தென்கரை டி.ஆர்.மகாலிங்கம். இசை எஸ்.வி.வெங்கட்ராமன். மாதாவை அழைக்கிற அந்தப் பாட்டைச் சிறுமி ஜிக்கியின் குரலில் ஆரம்பித்து, பெண் வளர்ந்ததும் பி.ஏ.பெரியநாயகியின் குரலில் தொடர்வார்கள். இன்றைக்கும் மாதா கோயில் ஒலிபெருக்கியில் அது ஒலித்தால், விபூதி பூசியவர்களும் கூடவே முணுமுணுப்பார்கள். அதே வருஷம் ஜெமினி வாசனும் இதே கதையை இதே பெயரில் எடுத்தார். ‘சந்திரலேகா’ எடுத்தவர், பணத்துக்குப் பஞ்சமில்லாதவர். ஆனாலும் ஜெயித்தது சிட்டாடல்தான்.

அந்தப் படத்தை டூரிங் கொட்டகை மண்ணில் உட்கார்ந்து பார்த்தவள் எங்க அப்பத்தா. சர்ச் பக்கம் போனவளில்லை. “மாதான்னா யாருன்னு அப்பத் தெரியுமா அப்பத்தா?” என்று கேட்டிருக்கிறேன்.

“யாரா இருந்தா என்னடா? ஒரு பொம்பள கூப்பிட்டா, இன்னொரு பொம்பள வந்தா.”

கை வெட்டுகிற கட்டத்தில் பயந்தாயா என்றால், இல்லையாம். அவளைப் பதறவைத்தது கடிதம் மாறுகிற இடம். அப்பத்தா கைநாட்டு. கல்யாணமான புதிதில் தாத்தா கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டார். மாசம் ஒரு கடுதாசி வரும். தெருவில் ஒரு வாத்தியார்தான் படித்துச் சொல்வார். பதிலும் அவரே எழுதுவார். “உங்க தாத்தா எழுதுனதத்தான் படிச்சாரா, நடுவுல எதையும் முழுங்குனாரான்னு எனக்கு எப்படிடா தெரியும்? ஒவ்வொரு தடவையும் அந்த லேனாள் ஞாபகம்தான் வரும். கையி ரெண்டும் இருந்து என்ன, அந்தக் காகிதத்தைப் பிடிச்சுக்கிட்டு வெறுமனே பாக்கத்தான் முடிஞ்சுது.”

எங்க அப்பாவின் தங்கைகள் இரண்டு பேரையும் அவள் அடம்பிடித்து எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்கவைத்ததற்கு ஞானசௌந்தரிதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். அவளிடம் கேட்டபோது, “ஆமா, பெரிய காரணம்!” என்று வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டாள்.

ஞானசௌந்தரி ஓடிய ஓட்டத்தில் அவளுடைய ஒன்றுவிட்ட அக்காவும் சினிமாவுக்கு வந்தாள். புருஷன் யுத்தத்தில் இருக்கும்போது பொய்ப் பழி சுமத்தப்பட்டு, பிள்ளையோடு காட்டில் கிடந்த ஐரோப்பியச் சீமாட்டி ஜெனிவீவ், ‘ஜெனோவா’ ஆனாள். ‘ஞானசௌந்தரி’யை இயக்கிய எஃப்.நாகூர்தான் இதற்கும் இயக்குநர். 1953ல் தமிழிலும் மலையாளத்திலும் வெளிவந்தது. பி.எஸ்.சரோஜா கதாநாயகி. புருஷன் யார் தெரியுமா? எம்.ஜி.ஆர்.! அவர் நடித்த ஒரே மலையாளப் படமும் அதுதான்.