சர்க்கரை இல்லாமலே நீண்ட நாக்கு

தேனீ கொட்டிய இடத்தை முகர்ந்து பார்த்தால் லேசாக வாழைப்பழம் மணக்கும். கொடுக்கிலிருந்து வெளியாகும் ஐசோஅமைல் அசிடேட்டின் மணம் அது. பழுத்த வாழையிலும் அதே பொருள்தான் இருக்கிறது. நம் நாவில் எச்சில் ஊறவைக்கும் இந்த வாசனை, கூட்டைக் காக்கும் தேனீக்களுக்கு அபாயச் சங்கு. வாழைப்பழம் தின்ற கையோடு தேனீப் பெட்டியைத் திறக்காதே என்று சொல்வது இதனால்தான்.

இந்தச் சங்கைத் தேனீ யாரிடமும் கற்பதில்லை, அது பிறவியிலேயே உள்ளது. பூக்களின் கதை வேறு. இன்று எந்தப் பூவில் தேன் சுரந்திருக்கிறது என்பதைப் பறந்து திரிந்துதான் கற்க வேண்டும். அதற்கு இருப்பதோ ஏறத்தாழ 1 கன மில்லிமீட்டர் மூளையும் 10 லட்சம் நியூரான்களும்.

ஒவ்வொரு உணர்கொம்பிலிருந்தும் வரும் வாசனைச் செய்திகள் மூளையில் 160 சொச்சம் சிறு முடிச்சுகளில் இறங்குகின்றன. ஒரு பூவின் மணம் பல முடிச்சுகளைச் சேர்த்துத் தூண்டும். புள்ளிகள் அதேதான், மணத்துக்கு மணம் கோலம்தான் மாறுகிறது. அந்தக் கோலம் அடுத்து 'காளான் உடலம்' என்ற பகுதிக்குப் போகிறது. அங்கே பக்கத்துக்குச் சுமார் 1,70,000 நியூரான்கள் இருந்தும், ஒரு மணத்துக்கு விழிப்பவை மிகச் சிலவே. அதனால் ஒரு மணத்தின் நினைவு இன்னொன்றோடு குழம்புவதில்லை.

என்னை இன்றும் வியக்கவைப்பது 1993-இல் மார்ட்டின் ஹாமர் வெளியிட்ட சோதனை. பொதுவாக, அசையாமல் பிடித்துவைத்த தேனீயின் உணர்கொம்பில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டால் நாக்கு சட்டென்று நீளும். முதலில் ஒரு மணத்தைக் காட்டி, உடனே சர்க்கரையைக் கொடுத்தால், சில தடவைகளிலேயே மணத்துக்கு மட்டும் நாக்கு நீளத் தொடங்கிவிடும். ஹாமர் சர்க்கரையையே கொடுக்கவில்லை. மணத்தைக் காட்டி, இனிப்புக்குத் துடிக்கும் ஒரே ஒரு நியூரானை மின்சாரத்தால் தூண்டினார். மூளையின் வாசனைப் பகுதிகளெங்கும் கிளை பரப்பிய நியூரான் அது. பிறகு மணம் மட்டும் வந்தபோது, ஒரு துளி இனிப்பும் பெறாத அந்தத் தேனீ நாக்கை நீட்டியது.

வரிசையை மாற்றி, நியூரானை முதலில் தூண்டி மணத்தைப் பின்னால் காட்டியபோது தேனீ எதையும் கற்கவில்லை. மணம் முந்தி வந்தால்தான் அது தேனுக்கு வழிகாட்டும்.