எடை அட்டையும் இன்ச் டேப்பும்

ரயில் நிலையத்தில் வண்ண விளக்குகள் சுழலும் எடை இயந்திரத்தில் ஏறிக் காசு போட்டால், அட்டை ஒன்று வந்து விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். 62 கிலோ என்று வந்தால் அப்பாவுக்கு நிம்மதி. மெலிந்த கைகால், சட்டைக்குள் சின்னத் தொந்தி. அதை வசதியின் அடையாளம் என்றுதான் ஊரில் சொல்வார்கள். அரைஞாண் கயிறு இறுகினால் புதிது மாற்றிக்கொள்வார். எந்த டாக்டரும் பார்க்காத அளவை அந்தக் கயிறு காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பிறகு சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது, "ஒல்லியான மனுஷனுக்கா?" என்று வீடே திகைத்தது.

கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே சேர்கிறது என்பதே முக்கியம் என்று பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947-லேயே எழுதிவிட்டார். ஆனால் எடையும் உயரமும்தான் வெகுகாலம் ஆட்சி செய்தன. 2004-ல் புனே மருத்துவர் யாக்னிக்கும் லண்டனின் யுட்கினும் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். எடையையும் உயரத்தையும் வைத்துக் கணக்கிடும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. நம் உடம்பின் கதை இதுதான். மறு ஆண்டு, 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்பு அபாயத்தை பிஎம்ஐயைவிட இடை-இடுப்பு விகிதம் நன்றாகக் காட்டுவதாகச் சொன்னது.

பேச்சில் நாம் இரண்டையுமே இடுப்பு என்றுதான் சொல்கிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அளப்பது இடை. பிட்டம் அதிகம் அகன்ற இடத்தில், தையற்காரர் 'சீட்' என்கிறாரே, அங்கே அளப்பது இடுப்பு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், ஆண்களுக்கு 0.90, பெண்களுக்கு 0.85 எட்டினாலே எச்சரிக்கை. இடை மட்டும் என்றால் நமக்கு முறையே 90, 80 சென்டிமீட்டர்.

போன மாதம் தம்பியை நிறுத்தி அளந்தேன். "இருபது வருஷமா பேன்ட் சைஸ் 34 தான்ணே" என்றான். பேன்ட் தொப்பைக்குக் கீழே இறங்கியிருந்தது. டேப் 97 சென்டிமீட்டர் காட்டியது.

சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் 2005-ல் தந்த சர்க்கரை நோய் அபாய மதிப்பெண்ணைப் போட்டுப் பார்த்தோம். வயது 45, அதற்கு 20. இடைக்கு 10. நாற்காலி வேலை, நடையும் இல்லை, 30. அப்பாவுக்கு இருந்ததால் 10. மொத்தம் 70. அறுபதைத் தொட்டாலே அதிக அபாயம்.

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு அவனை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன்.