இரண்டு மிதி மிதித்தால் பிடிக்குமா?

"என்னங்க, பிரேக் ரொம்ப ஆழமாப் போறதே?"

"அதெல்லாம் ஒன்றுமில்லை. இரண்டு மிதி மிதித்தால் பிடித்துக்கொள்ளும்!"

பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் இந்தச் சம்பாஷணையைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். தாத்தா ஆசையாக வாங்கிய அம்பாஸிடர். விற்க மனம் வராமல் ஷெட்டில் நிற்கிறது. வருஷத்துக்கு நாலு தடவை குலதெய்வம் கோவிலுக்கோ, கோடையில் ஏற்காட்டுக்கோ குடும்பத்தோடு புறப்படும். கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் அந்தக் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆனால் நம் பாசம் நிற்கவில்லை. பாசம் நிற்காவிட்டால் போகட்டும். கார் நிற்க வேண்டுமே!

"இது மெக்கானிக் சமாசாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பது போல, பெடலில் காலை வைத்தே பிரேக்கின் கோளாறைப் பாதி கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் சங்கதி இதுதான். நீங்கள் பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டர் என்னும் சிறு குழலில் உள்ள பிரேக் ஆயில் அமுக்கப்பட்டு, மெல்லிய குழாய்கள் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. அங்கே பிரேக் ஷூக்கள் விரிந்து, டிரம்மின் உட்புறத்தில் உராய்கின்றன, சக்கரம் நிற்கிறது. ஆரம்ப காலத்து அம்பாஸிடர்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழிதான். ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு!

இனி பரீட்சைக்கு வருவோம். வண்டியை ஷெட்டிலேயே நிறுத்தி, பெடலை நன்றாக அழுத்திக்கொண்டு முப்பது வரை எண்ணுங்கள். கால் ஓரிடத்தில் கெட்டியாக நின்றால் சந்தோஷம். மெள்ள மெள்ளக் கீழே இறங்கினால் எங்கோ ஆயில் ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கிறது. அந்த வண்டியில் அடுத்த தெருவுக்குக்கூடப் போகக் கூடாது.

இட்லியை அமுக்கினாற்போல் மெத்து மெத்தென்று இருக்கிறதா? குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். காற்றை வெளியேற்ற வேண்டும். அது புகுந்த வழியையும் அடைக்க வேண்டும்.

முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் மேலே வந்து கெட்டியாக நிற்கிறதா? பெரும்பாலும் லைனிங் தேய்ந்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கும். அட்ஜஸ்ட் செய்தால் சரியாகும். லைனிங் மிகவும் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். அவசரத்தில் குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால், இரண்டாவது மிதிக்கு அவகாசம் ஏது?

பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், ஒரு சக்கரம் மற்றதைவிடக் குறைவாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். வீல் சிலிண்டர் ஒழுகி லைனிங் நனைந்திருக்கலாம். இதற்குச் சுலபமான சோதனை உண்டு. இரவில் ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறமும் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் கறை எந்தத் தாளில் இருக்கிறதோ, அந்தச் சக்கரம்தான் குற்றவாளி.

நாள் கணக்கில் நின்ற வண்டியில் துருப்பிடித்து, பிரேக் விடாமலே இருப்பதும் உண்டு. பிரேக்கை அதிகம் தொடாமல் சமதரையில் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்துங்கள். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்போமே, அதுபோல் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம்! ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு ஜாக்கிரதை. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். டிரம்மைக் கழற்றினால் வாயால் ஊதவோ, உலர்ந்த துணியால் தட்டவோ விடாதீர்கள். குழந்தைகளைத் தூர அனுப்பிவிட்டு, ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சாதாரணமாகக் கிடைக்கும் 'டாட் 3' ரகம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி ஸெல்ஸியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவிகிதம் ஈரம் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் ஆவி, ஆவியும் காற்றைப் போல் அமுங்கும். ஏற்காட்டு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்! ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லுங்கள். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலைப் பிரேக்கில் ஊற்றினால், உள்ளேயுள்ள ரப்பரெல்லாம் உப்பிக் கெட்டுவிடும்.

நடுவழியில் பெடல் ஒரேயடியாக இறங்கிவிட்டால் கலவரப்படாமல் விட்டு விட்டு வேகமாக மிதிக்க வேண்டும். கியரைக் குறைக்க வேண்டும். ஹாண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். அது ஆயிலை நம்பாமல் கம்பியால் இயங்குவது. அதனால்தான் கை கொடுக்கும்.

அடுத்த முறை உங்கள் வீட்டுக்காரர், "இரண்டு மிதி மிதித்தால் பிடித்துக்கொள்ளும்" என்று சொன்னால் சண்டை போடாதீர்கள். கட்டுச்சோற்று மூட்டையை வண்டியில் ஏற்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "எங்கே, ஒரே மிதி மிதியுங்கள், நான் முப்பது எண்ணுகிறேன்" என்று சொல்லுங்கள். எண்ணி முடித்த பிறகு ஏறினால் போதும்!