பசித்தால் பை நிரப்பும் எலி

பிஸ்கட்டை டீயில் முக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி. இரண்டு நாளுக்கும் மேலாகப் பட்டினி கிடந்த பிராணியின் முன்னால் தீனியைக் கொட்டினால் என்ன செய்யும்? பாய்ந்து தின்னும் என்றுதானே சொல்வீர்கள்? ஆய்வுக்கூடத்து எலி அதைத்தான் செய்யும். சைபீரிய ஹாம்ஸ்டர் என்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு கொறிப்பான் இருக்கிறது, அதன் கதையே வேறு. தினசரி தின்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தின்னாது. கன்னத்துப் பையில் தீனியை அடைத்துக்கொண்டு வளைக்கு ஓடும், கொட்டும், திரும்ப வரும். பொருளைப் பதுக்குவதற்கு ஜெர்மன்காரர்கள் வைத்திருக்கும் வினைச்சொல்லே ‘ஹாம்ஸ்டர்ன்’தான்.

நம்மூர் வரப்பெலியும் சளைத்ததல்ல. அதன் வளையைத் தோண்டி நெற்கதிரை எடுத்த இருளர்களுக்கு இதெல்லாம் புதுச் செய்தியே இல்லை. ஆனால் பதுக்குகிற மூளைக்குள் என்ன நடக்கிறது என்று விடாமல் நோண்டிப் பார்த்தது அட்லாண்டாவில், ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், ஹாம்ஸ்டர்களை வைத்துத்தான். டிமதி பார்ட்னெஸ் என்பவரின் ஆய்வுக்கூடம். மேலே ஒரு கூண்டு, கீழே இருட்டாக ஒரு பெட்டி, இரண்டையும் இணைக்க வளைபோல் ஒரு குழாய். மேல்கூண்டில் சக்கரம். பத்துச் சுற்று ஓடினால் ஒரு தீனி உருண்டை விழும். எவ்வளவு தேடியது, எவ்வளவு தின்றது, எவ்வளவு பதுக்கியது என்று மூன்றையும் தனித்தனியாக எண்ணிவிடலாம். எளிய ஏற்பாடுதான், ஆனால் மொத்த விஷயமும் இந்த மூன்றைப் பிரித்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

வயிறு காலியானால் அங்கிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் சுரக்கும். சாப்பிட்டுக் குண்டாயிருக்கும் ஹாம்ஸ்டருக்கே அதை ஊசியில் ஏற்றினாலும் போதும், பட்டினி கிடந்ததுபோல் சேர்க்க ஆரம்பித்துவிடும். கிரெலின் போய்த் தட்டும் கதவு மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ். அங்குள்ள சில நரம்பணுக்கள் நியூரோபெப்டைடு ஒய் என்ற பொருளை வெளியிடும். இதை ஒரு தந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தந்தி பல வீடுகளுக்குப் போகிறது. ஒய்1 என்ற ஏற்பி உள்ள வீட்டில் கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். ஒய்5 வீட்டில் இலை போட்டு உட்காருகிறார்கள். ஒய்1-ஐ மட்டும் தூண்டினால் தேடலும் பதுக்கலும் எகிறின. ஒய்5-ஐ மட்டும் தூண்டினால் தின்பதுதான் கூடியது. பசி ஒன்று, ஆனால் மூளைக்குள் அதற்கு இரண்டு வாசல்.

அந்த அணுக்களே ஏஜிஆர்பி என்று இன்னொன்றையும் அனுப்பும். அது இன்னும் பொல்லாதது. ஒரே ஒரு ஊசிக்கு ஹாம்ஸ்டர் நாள்கணக்கில் பதுக்கிக்கொண்டே இருக்கும்.

பிரேக்கும் உண்டு. உடற்கொழுப்பிலிருந்து வரும் லெப்டின், கையிருப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும். பட்டினி கிடந்த ஹாம்ஸ்டருக்கு அதைக் கொடுத்தால் பதுக்கும் வேகம் அடங்குகிறது. கையிருப்பைக் கண்முன்னால் எடுத்துவிட்டால்? 1997-இல் அறுவை செய்து கொஞ்சம் கொழுப்பை நீக்கிப் பார்த்தார்கள். உடம்பில் குறைந்ததை ஹாம்ஸ்டர் வளையில் ஈடுகட்டப் பார்த்தது, பதுக்கல் கூடியது.

எலிகளில் டோபமைனுக்கும் பங்குண்டு. மூளையின் ஒரு பாதையில் டோபமைன் நரம்புகளைச் சிதைத்தபோது பதுக்கும் பழக்கம் மறைந்துபோனது. பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தரும் எல்-டோபாவைக் கொடுத்ததும் திரும்பி வந்தது. 1985-இல் வந்த ஆய்வு இது.

மனிதரைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். 2015-இல் ஓர் ஆய்வில், பசியோடிருந்தவர்களிடமும் வயிறு நிறைந்தவர்களிடமும் காகிதம் கவ்வும் பைண்டர் கிளிப்புகளைக் காட்டி, வேண்டிய அளவு இலவசமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பசித்தவர்கள்தான் அதிகம் எடுத்தார்கள். இதற்கும் கிரெலின்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கிளிப் பிடித்திருக்கிறதா என்று கேட்டால் மட்டும், மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பிடித்திருப்பதாக அவர்கள் சொல்லவில்லை.